கூண்டின் அளவும் விலங்கின் நலமும்

பழைய சென்னைவாசிகளின் பேச்சு வழக்கில் இரண்டு 'காலேஜ்'கள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த விலங்குக் காட்சிச்சாலை 'உயிர் காலேஜ்'. ஒன்றில் பாடம் செய்யப்பட்ட உடல்களையும் மற்றொன்றில் மூச்சு விடும் உடல்களையும் பார்க்கலாம் என்பதே எளிய மக்கள் கண்ட வேறுபாடு. உண்மையில் இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவைதாம். 1855-ஆம் ஆண்டு, அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்ஃபர், அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் மக்கள் பார்வைக்கு வைத்ததுதான் சென்னை உயிரியல் பூங்காவின் தொடக்கம். விலங்கு ஒரு காட்சிப் பொருள் என்ற எண்ணம் அன்றே அதனுடன் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பூங்கா இடநெருக்கடி காரணமாக வண்டலூர் காப்புக்காட்டுக்கு இடம்பெயர்ந்து, 1985 ஜூலையில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 602 ஹெக்டேர் பரப்பு, இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள், மரநிழல். இந்தியப் பூங்காக்களின் மேலாண்மைத் திறனை மதிப்பிட்டு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022 செப்டம்பரில் டார்ஜிலிங்கில் வெளியிட்ட தரவரிசையில், டார்ஜிலிங் பூங்காவுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் வண்டலூருக்குக் கிடைத்தது. மைசூரு பூங்காவுக்கு மூன்றாம் இடம். தமிழகம் பெருமை கொள்ளத்தக்க செய்திதான் இது.

அதே 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வளவு பெருமைப்பட முடியாத மற்றொரு செய்தியும் வந்தது. கோவை மாநகராட்சியின் வ.உ.சி. உயிரியல் பூங்காவுக்கு வழங்கியிருந்த அங்கீகாரத்தை அதே ஆணையம் ரத்து செய்தது. நகரின் நடுவே சில ஏக்கர் நிலத்துக்குள் 1965 முதல் இயங்கிவந்த பூங்கா அது. போதிய இடமின்மை உள்ளிட்ட குறைகள் காரணமாகக் கூறப்பட்டன. அங்கிருந்த உயிரினங்கள் படிப்படியாக வண்டலூர் முதலிய இடங்களுக்கு மாற்றப்பட்டன. புள்ளிமான்கள் 2024-இல் சிறுவாணி மலையடிவாரக் காட்டில் விடப்பட்டன.

ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில், ஒரு பூங்காவுக்குப் பாராட்டு, மற்றொன்றுக்குப் பூட்டு. இரண்டு முடிவுகளிலும் குறைகாண இடமில்லை. ஆனால் இரண்டுமே பூங்கா என்ற நிறுவனத்தைப் பற்றிய முடிவுகள். வண்டலூரில் இன்று ஒரு குறிப்பிட்ட கரடி எப்படி இருக்கிறது என்பதை அந்த இரண்டாம் இடம் சொல்லாது. கோவையின் இடநெருக்கடி 2022 ஜனவரியில் திடீரென முளைத்ததும் அன்று. பல பத்தாண்டுகளாக அந்தச் சில ஏக்கருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து முடித்த விலங்குகளின் நாள்கள் எப்படிக் கழிந்தன என்பதற்குப் பொதுவெளியில் எந்தப் பதிவும் இல்லை. அங்கீகாரம் என்பது இருக்கும் அல்லது இல்லாமற்போகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில்தான் விலங்கு வாழ்கிறது. அந்தக் காலத்தை அளப்பதற்குத்தான் நம்மிடம் கருவி இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டு, அதன்படி 1992-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையத்தின் அங்கீகாரமின்றி நாட்டில் எவரும் உயிரியல் பூங்கா நடத்த முடியாது. 2009-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகள் இருப்பிடம், உணவு, மருத்துவம், பணியாளர், தூய்மை என்று பலவற்றுக்கும் அளவுகோல் வகுத்துள்ளன. வாரத்தில் ஒரு நாள் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூட வேண்டும் என்பதும் விதியே. வண்டலூரில் செவ்வாய்க்கிழமை விடுமுறை விடப்படுவது அதன்படிதான். விலங்கைச் சீண்டுவோருக்கும் அதற்குத் தீனி எறிவோருக்கும் சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படிச் சிறை சென்றவர் எவரையும் நாம் கண்டதில்லை என்பது வேறு செய்தி.

இந்த அளவுகோல்களில் பெரும்பாலானவை, விலங்குக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம் என்பதையே கேட்கின்றன. எத்தனை சதுர மீட்டர், எத்தனை கிலோ இறைச்சி, எத்தனை மருத்துவர்? கொடுக்கப்பட்டதைக் கொண்டு விலங்கு எப்படி வாழ்கிறது என்பது வேறு கேள்வி. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயலை நம் முன்னோர் கொடைமடம் என்றனர். பேகனின் இரக்கம் மெய்யானது, போர்வையும் மெய்யானது. மயிலுக்குக் குளிர்ந்ததா என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் கரடிக்குப் பழத்துண்டு உறைந்த பனிக்கட்டியும் யானைக்கு நீர்த்தூவிக் குளியலும் தரப்படுவதாக நாளிதழ்களில் படத்துடன் செய்தி வருகிறது. நல்ல காரியந்தான். அந்தப் பனிக்கட்டி வந்த நாளில் கரடியின் நடத்தை எப்படி மாறியது, மறுநாள் என்ன ஆயிற்று, அக்டோபரில் அதற்கு என்ன தரப்பட்டது என்ற செய்தியை எந்த நாளிதழிலும் படித்த நினைவில்லை.

விலங்கு நலத்தை அளக்கும் சிந்தனை உலக அளவில் கடந்துவந்த பாதை இங்கு நினைவுகூரத்தக்கது. அது தொடங்கியது உயிரியல் பூங்காவில் அன்று, பண்ணையில். பிரிட்டனில் கோழிகளும் பன்றிகளும் தொழிற்சாலைப் பொருள்கள்போல் வளர்க்கப்படுவதைக் கண்டித்து ரூத் ஹாரிசன் 1964-இல் எழுதிய நூல் எழுப்பிய அதிர்வில், அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. பிராம்பெல் தலைமையிலான அந்தக் குழு 1965-இல் அறிக்கை அளித்தது. அதிலிருந்து கிளைத்தவையே பின்னர் 'ஐந்து சுதந்திரங்கள்' என்று பெயர் பெற்றன. பசி தாகத்திலிருந்தும், இருப்பிட வசதியின்மையிலிருந்தும், வலி, காயம், நோய் ஆகியவற்றிலிருந்தும், அச்சம், துயரம் ஆகியவற்றிலிருந்தும் விடுதலை. இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் உரிமை. தமிழக வாசகர்களுக்கு இந்தச் சொற்றொடர் முற்றிலும் புதிதன்று. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்த ஐந்து சுதந்திரங்களையும் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளுக்குள் வைத்துப் படித்தது. அந்தத் தீர்ப்பின் தடை பின்னர் சட்டத் திருத்தத்தால் விலகி, 2023-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றதை நாம் அறிவோம். காளைக்காக அவ்வளவு விவாதித்த நாம், அந்த ஐந்து சுதந்திரங்களையும் கூண்டிலுள்ள விலங்குக்குப் பொருத்திப் பார்க்கவே இல்லை.

ஐந்து சுதந்திரங்களுக்கு ஒரு வரம்பு உண்டு. அவற்றுள் நான்கு, துன்பம் இல்லாதிருப்பதைப் பற்றியவை. பசியில்லாமல், நோயில்லாமல், காயமில்லாமல் சிமெண்ட் தரையில் படுத்திருக்கும் சிறுத்தை அந்தப் பட்டியலின்படி ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற்றுவிடும். இந்தக் குறையை உணர்ந்துதான் நியூசிலாந்தின் டேவிட் மெல்லரும் காம் ரீடும் 1994-இல் 'ஐந்து களங்கள்' என்ற முறையை முன்வைத்தனர். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கு களங்களிலும் நிகழ்பவை அனைத்தும் இறுதியில் ஐந்தாவது களமான மனநிலையில் போய்ச் சேர்கின்றன என்பது அதன் சாரம். துன்பம் இல்லாமை போதாது. விலங்குக்கு மகிழ்வூட்டும் அனுபவங்கள் இருக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும். மனிதர்களுடனான உறவும் நடத்தைக் களத்தில் சேரும் என்று 2020-இல் அந்த முறை விரிவாக்கப்பட்டது. உலக உயிரியல் பூங்காக்கள், நீர்வாழ் காட்சியகங்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட விலங்கு நலக் கொள்கை இந்த ஐந்து களங்களையே அடிப்படையாகக் கொண்டது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பூங்காக்களின் சங்கம் தன் அங்கீகாரத்தையே இதன் மீது கட்டியிருக்கிறது.

விலங்கின் மனநிலையை எப்படி அளப்பது என்ற ஐயம் எழுவது இயல்பு. அது வாய் திறந்து சொல்லாதுதான். ஆனால் உடலும் நடையும் சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்துப் பூங்கா ஒன்றில் சிறுத்தையின் கூண்டருகே நின்றிருந்தேன். வேலியோரமாகப் பதினோரு அடி நடந்து, மூலையில் தலையை ஒரே விதமாகத் திருப்பி, மீண்டும் பதினோரு அடி. மண்ணில் புல் முளைக்காத தடம் ஒன்று வேலியோடு வேலியாக ஓடியது. அருகில் நின்ற குடும்பத்தினர், "எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது பார்!" என்று குழந்தைக்குக் காட்டினர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. தூங்கும் விலங்கைப் பார்த்துச் சலித்து வந்தவர்களுக்கு நடக்கும் விலங்கு விருந்துதான். ஆனால் நோக்கமின்றி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த நடத்தையை, அடைபட்ட வாழ்வின் தெளிவான அறிகுறிகளுள் ஒன்றாக அறிவியல் கருதுகிறது. யானை நின்ற இடத்திலேயே ஆடுவதும், கரடி தலையை இருபுறமும் அசைத்துக்கொண்டே இருப்பதும் இந்த வகைதான்.

எல்லா விலங்குகளும் கூண்டில் ஒரே அளவு துன்புறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2003-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகளே கூண்டில் மிக அதிகமாக அலைபாய்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்று காட்டியது. பனிக்கரடிக்கு உயிரியல் பூங்காவில் வழக்கமாகக் கிடைக்கும் இடம், அது காட்டில் திரியும் மிகக் குறைந்த பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மறுபுறம், ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவற்றுள் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை காட்டைவிட உயிரியல் பூங்காவிலேயே நீண்ட காலம் வாழ்வதைக் கண்டறிந்தது. ஆகவே, 'பூங்காக்கள் எல்லாம் சிறைச்சாலைகள்' என்ற ஒற்றை வரியும், 'காட்டைவிடப் பூங்காவில் சுகமாக இருக்கின்றன' என்ற ஒற்றை வரியும் ஒருங்கே பிழைபட்டவை. எந்த விலங்கு, எந்த இடத்தில், எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

யானை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பியப் பூங்காக்களின் பெண் யானைகளைப் பற்றி 2008-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கணக்கின்படி, பூங்காவில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானையின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டுகள், கென்யாவின் அம்போசெலி காட்டில், மனிதரால் கொல்லப்பட்டவற்றை நீக்கிப் பார்த்தால் 56 ஆண்டுகள். ஆசிய யானைக்குப் பூங்காவில் 18.9; மியான்மரில் மரம் இழுத்துப் பிழைக்கும் யானைக்குக்கூட 41.7. நம் மத்திய ஆணையமும் 2009 நவம்பரிலேயே உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் யானைகளை வைத்திருக்கக் கூடாது, முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதற்குப் பிறகும் டெல்லி உயிரியல் பூங்காவில் 'சங்கர்' இருந்தது. குடியரசுத் தலைவராக இருந்த சங்கர் தயாள் சர்மாவுக்கு ஜிம்பாப்வே பரிசளித்த ஆப்பிரிக்க ஆண் யானை அது. உடன் வந்த துணை இறந்துவிட, தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைக் காணாமலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கழித்தது. 2024 அக்டோபரில் உலகச் சங்கம் டெல்லி பூங்காவின் உறுப்புரிமையை இடைநிறுத்திய பிறகே அதன் கால் சங்கிலி அகற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் சங்கர் இறந்தது. இலங்கை 1985-இல் பாகிஸ்தானுக்கு அளித்த 'காவன்' யானைக்கு வாய்ப்பு சற்று மேலாக அமைந்தது. இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றம் 2020-இல் தலையிட்டு அதைக் கம்போடியாவின் சரணாலயத்துக்கு அனுப்பச் செய்தது. அரசுகள் நட்பின் அடையாளமாக உயிரைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் இனியேனும் நிற்க வேண்டாமா?

சங்கரின் தனிமை எவருக்கும் தெரியாத செய்தியன்று. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்டுதான் சென்றனர். தனித்து வாழும் யானை என்பதே ஒரு நலக்குறைவு என்று எழுதிவைக்கும் படிவமும், அதைப் படித்துவிட்டு நடவடிக்கை எடுத்தாக வேண்டிய கடமையும் இருந்திருந்தால், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று சொல்லும்வரை காத்திருக்க நேர்ந்திராது.

நம் பூங்காக்களின் மதிப்பீட்டில் முற்றிலும் விடுபட்டுப்போவது இரவு. வண்டலூரின் வாயில் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. நம் நாட்டுப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி ஆகியவை மாலையில் பின்புறத்து இரவுக் கூண்டுகளுக்குள் அழைக்கப்பட்டு, அங்கேயே உணவளிக்கப்பட்டு, மறுநாள் காலையில்தான் வெளியே விடப்படுகின்றன. அகழியும் மரமும் குளமும் கொண்ட அந்தப் பரந்த வெளி விலங்குக்குச் சொந்தமாவது ஏறத்தாழ 8 மணி நேரம். எஞ்சிய 16 மணி நேரத்தை, பார்வையாளர் எவரும் காணாத, சில அடி அகலமுள்ள அறையில் அது கழிக்கிறது. புலியும் சிறுத்தையும் அந்தி முதல் விடியல்வரை இயங்கப் பிறந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள். அவை விழித்திருக்கும் நேரத்தில் அறையும், உறங்கும் நேரத்தில் வெளியும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

இதற்குக் காரணங்கள் உண்டு. அவை புறந்தள்ளத்தக்கவையும் அல்ல. இரவில் பாதுகாப்பு, மரம் விழுந்து வேலி உடைந்தால் நேரும் ஆபத்து, ஒவ்வொரு விலங்கும் முழுமையாக உண்டதா என்று பார்க்கும் தேவை, மருத்துவக் கண்காணிப்பு எனப் பலவுண்டு. 2016 டிசம்பரில் வார்தா புயல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது விலங்குகள் உறுதியான அறைகளுக்குள் இருக்க வேண்டியதன் தேவை விளங்கியது. ஆனால் புயல் நாளுக்கான ஏற்பாடு ஆண்டின் 365 நாள்களுக்கும் பொருந்த வேண்டியதில்லை. வெளிக்கும் அறைக்கும் இடையிலான கதவை இரவில் திறந்து வைத்து, எங்கே இருப்பது என்பதை விலங்கே முடிவு செய்யவிடும் பூங்காக்கள் வெளிநாடுகளில் உள்ளன. எங்கே படுப்பது என்பதைத் தானே முடிவு செய்ய முடிவதே ஒரு விலங்குக்கு எவ்வளவு பெரியது என்பதை இன்றைய நல அறிவியல் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. முதலில் இரவுக் கூண்டில் என்ன நடக்கிறது என்பதையாவது படக்கருவி வைத்துப் பார்க்கலாம். வண்டலூர் விலங்குகளை வீட்டிலிருந்தே இணையம் வழி பார்க்க நேரலை வசதி செய்த பூங்கா நிர்வாகத்துக்கு இது கடினமான வேலையாக இருக்க முடியாது. நேரலை நமக்காக, இந்தப் படக்கருவி விலங்குக்காக.

தேன் கரடியின் பகற்பொழுதையும் சற்றுப் பார்ப்போம். காட்டில் அது புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சுவதிலும், பழம் தேடுவதிலும், தேனடைக்காக மரம் ஏறுவதிலும் நாளின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. அதன் நீண்ட நகமும் நீளும் உதடும் முன்பல் இல்லாத மேல்தாடையும் அதற்காகவே அமைந்தவை. பூங்காவில் கஞ்சியும் பழமும் தட்டில் வருகின்றன. சில நிமிடங்களில் உணவு முடிந்துவிடுகிறது. ஊட்டச்சத்துக் கணக்கில் எந்தக் குறையும் இராது. ஆனால் எஞ்சிய பொழுது முழுவதும் அந்த நகங்களுக்கு வேலையில்லை. துளையிட்ட மரக்கட்டையில் தேன் தடவி வைப்பது, உணவைப் பல இடங்களில் ஒளித்து வைப்பது, மண்மேடு அமைத்துத் தோண்டவிடுவது போன்ற செறிவூட்டல் முறைகள் இதற்காகத்தான். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. இவை தொடர்ந்து நடக்க வேண்டும், நடந்தபின் கரடி தலையசைப்பது குறைந்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே தேவை.

எண்ணிப் பார்ப்பதற்கு வேண்டிய அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. ஹைதராபாதிலுள்ள சிசிஎம்பி ஆய்வு நிறுவனத்தின் அழிநிலை உயிரினக் காப்பு ஆய்வகம், விலங்கின் எச்சத்திலிருந்தே மன அழுத்த ஹார்மோனின் அளவைக் கண்டறிகிறது. விலங்கைப் பிடிக்கவோ, மயக்கவோ, ஊசி குத்தவோ வேண்டியதில்லை. இந்தியப் பூங்காக்களின் புலிகளையும் சிறுத்தைகளையும் இவ்வாறு ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, குளமும் மரமும் கொண்ட செறிவான இருப்பிடங்களில் வாழும் விலங்குகளிடம் அழுத்தமும் நோக்கமற்ற நடையும் குறைந்திருந்ததைக் கண்டது. அதனினும் கவனிக்கத்தக்க மற்றொன்றையும் அது சொன்னது. விலங்கின் மீது பரிவுள்ள காப்பாளர் அமைந்த இடத்திலும் அழுத்தம் குறைவாக இருந்தது.

இந்தக் கடைசிக் கண்டறிவைப் பூங்கா நிர்வாகங்கள் சுவரில் எழுதி ஒட்டலாம். ஒரு விலங்கு நேற்றுபோல் இன்று இல்லை என்பதை மருத்துவரின் கருவிக்கு முன்னரே அறிபவர் காப்பாளர். உணவை முகர்ந்துவிட்டு விலகியது, வழக்கமான மூலையில் படுக்கவில்லை, பெயர் சொல்லி அழைத்தபோது காதை அசைக்கவில்லை என்பனவெல்லாம் அவர் கண்ணில்தான் படும். அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள புரூக்ஃபீல்டு பூங்காவைச் சேர்ந்தவர்கள், காப்பாளர்கள் தங்கள் விலங்குக்கு வாரந்தோறும் மதிப்பெண் இடும் ஒரு முறையை உருவாக்கினர். மதிப்பெண் சரியத் தொடங்கினால் கணினி எச்சரிக்கும். நம்மிடமோ காப்பாளர் பலர் தினக்கூலியிலோ ஒப்பந்தத்திலோ இருக்கின்றனர். பத்தாண்டுகள் ஒரு புலியைப் பார்த்துக்கொண்டவரின் அறிவு அவர் பணி விலகும் நாளில் அவருடனே வெளியேறிவிடுகிறது. ஒரு நோட்டில்கூட அது ஏறுவதில்லை. விலங்கு நலத்துக்கான முதல் முதலீடு காப்பாளரின் பணிப் பாதுகாப்பாகவே இருக்க வேண்டும் என்பது என் துணிபு. புதிய நுழைவாயிலும் மின்கல ஊர்தியும் அதற்குப் பிறகு வரட்டும்.

மனிதரின் நெருக்கம் விலங்குக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை 2021 ஜூன் மாதம் நமக்குக் கசப்பாகக் கற்பித்தது. வண்டலூரின் சிங்கங்களில் ஒன்பதுக்குக் கரோனா தொற்று உறுதியானது. நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் அந்த மாதத்தில் இறந்தன. மனிதரிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த டெல்டா வகைத் தீநுண்மியே அவற்றிடமும் காணப்பட்டது. எஞ்சியவற்றைக் கால்நடை மருத்துவர்களும் காப்பாளர்களும் இரவு பகலாகப் பார்த்து மீட்டெடுத்தனர்.

மதிப்பீடு கூண்டில் தொடங்கினால் போதாது, எந்த விலங்கை வைத்துக்கொள்வது என்ற முடிவிலேயே தொடங்க வேண்டும். வெள்ளைப்புலி இதற்குச் சான்று. உலகின் காட்சியகங்களில் உள்ள வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை 1951-இல் ரேவா காட்டில் பிடிபட்ட 'மோகன்' என்ற ஒரே புலியின் வழிவந்தவை. நிறத்தைக் காப்பதற்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதில் மாறுகண் உள்ளிட்ட குறைபாடுகளும் கூடவே வந்தன. இனக் காப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பார்வையாளரின் வியப்பு மட்டுமே ஆதாயம். வெள்ளைப்புலிக் கூண்டின் முன் கூடும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தமிழகத்தில் பூங்காக்கள் குறையவில்லை, பெருகிவருகின்றன. கிண்டி சிறுவர் பூங்கா 2024-இல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. சேலம் குரும்பப்பட்டி பூங்கா விரிவுபடுத்தப்பட்டது. திருச்சி அருகே கம்பரசம்பேட்டையில் பறவைகள் பூங்கா வந்துவிட்டது. குழந்தைகள் விலங்குகளை நேரில் காண்பதில் எனக்கு மறுப்பில்லை. சிங்கவால் குரங்கைக் காட்டில் பார்க்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆனால் ஒவ்வொரு புதிய பூங்காவின் திறப்பு விழாவிலும் செலவான கோடிகளும் ஏக்கர்களும் சொல்லப்படும்போது, அங்கு வாழப்போகும் உயிர்களின் நலத்தை யார், எப்போது, எப்படி மதிப்பிடுவார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

இப்போதைய நடைமுறையில் பூங்காக்கள் ஆண்டுதோறும் மத்திய ஆணையத்துக்கு விலங்குகளின் இருப்புக் கணக்கை அளிக்கின்றன. எத்தனை பிறந்தன, எத்தனை வந்தன, எத்தனை சென்றன, எத்தனை இறந்தன என்பது அதில் இருக்கும். பிறப்புக்கும் இறப்புக்கும் கணக்கு உண்டு. இடைப்பட்ட வாழ்வுக்கு இல்லை. அந்த அட்டவணையில் இன்னும் ஒரு நிரலைச் சேர்க்க முடியாதா? பெரும்பூனைகள், கரடிகள், யானைகள், மனிதக் குரங்குகள், சிங்கவால் குரங்குகள் என்று துன்பத்துக்கு எளிதில் ஆளாகும் இனங்களிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு தனி விலங்குக்கும் ஐந்து களங்களின்படி ஆண்டுக்கு இரு மதிப்பீடு. அதில் இரவுக் கூண்டின் பதிவும் சேர வேண்டும். காப்பாளர் எழுத, பூங்கா மருத்துவர் சரிபார்க்க, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற வெளி நிறுவனம் ஒன்று குறிப்பிட்ட சிலவற்றை மீண்டும் ஆராயலாம். வண்டலூரிலேயே வனத்துறையின் உயர் வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் இருக்கிறது. முடிவு பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். மதிப்பெண் குறைவாக வந்தால் என்ன செய்யப்பட்டது, எத்தனை மாதத்தில் என்பதும் அதனருகே இருக்க வேண்டும்.

வெளியிட்டால் அவப்பெயர் வருமே என்று அதிகாரிகள் தயங்குவார்கள். நியாயமான தயக்கமே. 'வண்டலூர் கரடிக்கு 40 மதிப்பெண்' என்று தலைப்பிட நாளிதழ்களும் காத்திருக்கும். அதில் நாங்களும் அடக்கம். ஆனால் சென்னை முதலைப் பண்ணை தன்னிடம் முதலைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்பதை மறைக்காமல் சொல்லி, ஆயிரம் முதலைகளை 2022-இல் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி பெற்றது. அவ்வளவு தொலைவு அனுப்பியது சரியா என்ற விவாதம் எழுந்தது. எழட்டும். குறையை ஒப்புக்கொண்ட பிறகு எழும் விவாதம் அது. குளத்தில் நெருக்கியடித்துக் கிடந்த முதலைகளுக்கு அதனால் சற்று இடம் கிடைத்தது.

வண்டலூரில் ஒவ்வொரு இருப்பிடத்தின் முன்பும் அறிவிப்புப் பலகை இருக்கிறது. விலங்கின் பெயர், அறிவியல் பெயர், வாழிடம், உணவு, கருவுற்றிருக்கும் காலம். எல்லாம் அந்த இனத்தைப் பற்றியவை. உள்ளே இருக்கும் அந்த ஒரு விலங்குக்கு என்ன வயது, எங்கிருந்து வந்தது, யார் அதைப் பார்த்துக்கொள்கிறார், கடைசியாக அதன் நலம் எப்போது மதிப்பிடப்பட்டது என்று மேலும் நான்கு வரிகள் எழுத அதில் இடமிருக்கிறது.